பாம்புக்காதுக்கு ஒரு சவுண்ட் கார்டு

என் கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒரு சவுண்ட் கார்டு வேண்டும் என்று நான் முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. முடிவு செய்துவிட்டால் பிறகு யோசிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. முன்னால் யோசிப்பாயா என்று கேட்டால், அதுவும் குறைவுதான். என் வீட்டுக்காரர் இதைக் கல்யாணமான மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். இருபத்தாறு வருடமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதற்கு இந்தப் பாடு என்று புரியாது. ஆம்புலன்ஸ் உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளையெல்லாம் பதிவு செய்து வைப்பார்கள். அவற்றில் புகார் வந்தவையும் தணிக்கைக்கு எடுத்தவையும் என்னிடம் வரும். நான் வீட்டில் உட்கார்ந்து ஹெட்போனில் கேட்டு, பேசியதைப் பேசியபடியே தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். கூப்பிட்டவர் குரல் இடது காதில் வரும், ஆபரேட்டர் குரல் வலது காதில் வரும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் குழம்பாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இருமினால் 'இருமல்' என்று போட வேண்டும், அழுதால் 'அழுகை'. ஆபரேட்டர் கேட்டதற்கு எதிர்முனையில் ஒன்றும் சொல்லாவிட்டால் 'பதில் இல்லை'. நாமாக ஒரு சொல் சேர்க்கக் கூடாது, ஒரு சொல்லை விடவும் கூடாது.

பதினான்கு வருடமாக இதைச் செய்கிறேன். அலுவலகத்தில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது, 'பாம்புக்காது' என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை ஓர் அழைப்பில், பேச்சுக்குப் பின்னால் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தத்தைக்கூடக் கேட்டு எழுதியிருந்தேன். விழுந்தவர் கூடத்தில் விழவில்லை, குளியலறையில்தான் விழுந்தார் என்று அதை வைத்தே கண்டுபிடித்தார்கள். அன்று வந்த பட்டம் அது. எனக்கு அதில் பெருமைதான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

அந்தச் செவ்வாய்க்கிழமை மேற்பார்வையாளர் போன் செய்தாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். நான் சொல்லிக்கொடுத்துத்தான் இந்த வேலையைக் கற்றாள், இப்போது எனக்கு மேலே உட்கார்ந்திருக்கிறாள். ஆனாலும் மரியாதையை விடாதவள்.

"மேடம், போன மாசம் நீங்க அடிச்ச ஒரு கால் திரும்பி வந்திருக்கு. விசாரணைக்குப் போகுது."

"எது?"

"வீட்டுக்காரர் மயங்கி விழுந்துட்டார்னு ஒரு அம்மா கூப்பிட்டாங்களே, அது. வண்டி பின்வாசலுக்குப் போயிருக்கு. பின்வாசல் பூட்டியிருந்துச்சு. சுத்திக்கிட்டு முன்வாசலுக்கு வர்றதுக்குப் பத்து நிமிஷம் வீணாப்போச்சு. நல்லவேளை, ஆள் பிழைச்சுட்டார். ஆனா குடும்பத்துல புகார் கொடுத்துட்டாங்க."

எனக்கு நினைவு வந்தது. ஆபரேட்டர் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன பெண். 'வண்டி முன்வாசலுக்கு வரணுமா, பின்வாசலுக்கு வரணுமா?' என்று கேட்கிறாள். அதற்குக் கீழே நான் 'பதில் இல்லை' என்று போட்டிருந்தேன். அடுத்த வரியில் அவள் 'சரிங்கம்மா' என்கிறாள். பிறகு டிரைவரிடம் பின்வாசலுக்குப் போகச் சொல்கிறாள்.

"அந்தப் பொண்ணு, அந்த அம்மாதான் பின்வாசல்னு சொன்னாங்கன்னு சாதிக்கிறா. அந்த அம்மாவுக்கோ பதட்டத்துல என்ன சொன்னோம்னே நினைவில்லையாம். நீங்க அடிச்சதைப் பார்த்தா, அவளா ஒரு வாசலைச் சொன்ன மாதிரி இருக்கு. அப்படின்னா அவ வேலை போயிடும் மேடம்."

"நான் அடிச்சது அடிச்சதுதான். காதுல விழுந்திருந்தா எழுதியிருப்பேனே."

"எனக்கு ஆபீஸ் ஸ்பீக்கர்ல ஏதோ முணுமுணுப்பு இருக்கிற மாதிரிதான் தோணுது. அப்புறம்…" கொஞ்சம் தயங்கினாள். "பதிலே வராததுக்கு யாராவது 'சரிங்கம்மா'ன்னு சொல்வாங்களா?"

"பழக்கதோஷத்துல சொல்லியிருப்பா."

"இருக்கலாம். நீங்க இன்னொரு தடவை கேட்டுட்டு வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க. கமிட்டி காகிதத்தை மட்டும்தான் பார்க்கும். பாம்புக்காது இல்லைன்னு சொன்னா, இருக்குன்னு சொல்ல அங்க யாருக்கும் தைரியம் வராது."

போனை வைத்துவிட்டு அந்த இடத்தை ஆறு முறை ஓட்டிக் கேட்டேன். ஆபரேட்டர் கேள்வி கேட்கிறாள். பிறகு இடது பக்கம் வெறும் இரைச்சல், அடுப்பில் தண்ணீர் சூடாகும்போது வருமே அந்த மாதிரி. பிறகு 'சரிங்கம்மா'. ஆறாவது முறை, என் காதுக்கு எட்டாதது ஆபீஸின் ஓட்டை ஸ்பீக்கருக்கு எப்படி எட்டும் என்று கோபம் வந்தது. கோபத்தோடு கூடவே பதிலும் வந்தது: கம்ப்யூட்டர்தான் காரணம். ஏழு வருடப் பழசு. சத்தத்துக்கென்று தனியாக ஒன்றும் இல்லாமல் மதர்போர்டோடு ஒட்டிக் கொடுத்த ஏதோ ஒரு பொட்டுச் சில்லு. அதில் மெல்லிய குரல் எப்படி வரும்? அப்போது மணி பத்தேகால்.

என் தம்பி இரண்டு தெரு தள்ளி கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். கூப்பிட்ட அரை மணி நேரத்தில் திருப்புளியோடு வந்து நின்றான்.

என் வேலை அறை என்பது, முன்பு பழைய சாமான்கள் போட்டு வைத்திருந்த அறை. ஜன்னலில் கனத்த திரை. எதிரொலி வராமல் இருக்க, நாற்காலிக்குப் பின்னால் போர்வைகள் அடுக்கிய திறந்த அலமாரி. இஸ்திரி மேசையை மடித்துச் சுவரில் சாய்த்தால்தான் இன்னொருவர் நிற்க முடியும். தம்பி மேசைக்கு அடியில் புகுந்து, தூசியில் இரண்டு தும்மல் போட்டு, பின்பக்க ஒயர்களையெல்லாம் பிடுங்கிச் செருகிப் பார்த்தான். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏதோ பாட்டை ஓடவிட்டான். என் ஒலிப்பதிவுகளை வேறு யாரும் கேட்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதனால் அவற்றை அவனிடம் காட்டவில்லை.

"நல்லாத்தானே இருக்கு அக்கா."

"இடது பக்கம் சத்தம் கம்மியா இல்ல?"

"எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் கேக்குது."

"உனக்குச் சின்ன வயசுலேருந்தே காது மந்தம்."

அவன் சிரித்தான். "இங்க பாரு அக்கா. ஒரு காலத்துல சவுண்ட் கார்டு இல்லாட்டி கம்ப்யூட்டர் ஊமை. அப்புறம் போர்டுலயே சத்தம் வந்துச்சு, ஆனா கூடவே கொரகொரன்னு இரைச்சலும் வரும். இப்ப அதெல்லாம் இல்ல. வீட்டுல உட்கார்ந்து பாட்டு ரெக்கார்டு பண்றவங்க, நாலஞ்சு மைக்கை ஒரே நேரத்துல சொருகறவங்க, அவங்களுக்குத்தான் தனிக் கார்டு வேணும். நீ கேக்கறது போன் பேச்சு. போன்ல வர்ற குரலே பாதிதான். அதுக்குப் போய் சவுண்ட் கார்டு வாங்கறது, கோணியைத் தைக்கத் தங்க ஊசி வாங்கற மாதிரி."

"கடைக்காரன் நீ. விக்கிறதை விட்டுட்டு வேண்டாம்னு சொல்றே."

"அக்காகிட்ட பொய் சொல்லி விக்க மனசு வரல."

"வேற கடையில வாங்கிக்கறேன் போ."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று முனகியபடி எழுந்தான். அது எனக்கு நன்றாகவே கேட்டது. அவன் என் வலது பக்கம் நின்றிருந்தான் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது அவனுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். புதன்கிழமை மதியம் ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு வந்தான். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று மொத்த விற்பனைக் கடையில் சொல்லி வாங்கியிருக்கிறான். கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, கறுப்பு நிறத்தில் உள்ளங்கையளவு இருந்த அதைச் செருகி, திருகு முடுக்கி, "போதுமா தாயே" என்றான்.

ஹெட்போனை மாட்டினேன். அப்பாடா! பாட்டு கணீரென்று இருந்தது. தபேலாவில் விரல் படுவதுகூடத் தெரிந்தது. இதைத்தான் சொன்னேன், இதைத்தான் சொன்னேன் என்று குதிக்காத குறைதான். தம்பி மானிட்டரை எட்டிப் பார்த்து, "கார்டோட வந்த புரோகிராம் சத்தத்தைத் தானா ஏத்தி வச்சிருக்கு அக்கா, அதான்" என்றான். அவன் சொன்னது செவிடன் காதில் ஊதிய சங்குதான். அன்று சாயங்காலம் முழுக்க அவனிடமும் வீட்டுக்காரரிடமும், போனில் மேற்பார்வையாளரிடமும் என் வெற்றியைப் பற்றியே பேசினேன்.

வியாழக்கிழமை காலை அந்த அழைப்பைத் திறந்தேன். ஆபரேட்டரின் கேள்வி முன்பைவிடப் பளிச்சென்று வந்தது. இடது பக்கம் இரைச்சலும் முன்பைவிடப் பளிச்சென்று வந்தது. குரல் மட்டும் இல்லை. சத்தத்தை உச்சம்வரை ஏற்றினேன். வலது காதில் 'சரிங்கம்மா' அறை விழுந்த மாதிரி விழுந்தது. இடது பக்கம் இரைச்சல்தான்.

எனக்கு ஒரே நிம்மதி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நிம்மதிதான் வந்தது. புதுக் கார்டு போட்டும் குரல் இல்லை என்றால் குரலே இல்லை என்றுதானே அர்த்தம்? என் எழுத்து சரி. அந்தப் பெண்தான் தானாக ஒரு வாசலைச் சொல்லியிருக்கிறாள், மாட்டிக்கொண்டதும் பொய் சொல்கிறாள். இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொறுப்பு எங்கே இருக்கிறது என்று அவளைப் பற்றி மனசுக்குள் ஒரு பாட்டம் திட்டியும் முடித்தேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் படிவத்தை அச்செடுத்து, கையெழுத்துப் போடுவதற்காகச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தேன். என் வீட்டுக்காரர் களப்பணி முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். அவருக்கு வேலை தராசுகளைச் சோதிப்பது. சந்தை சந்தையாகப் போய், கடைக்காரர்களின் எடைக்கல்லையும் தராசையும் பார்த்து முத்திரை குத்துவார், தப்பாக இருந்தால் கடைக்குச் சீல் வைப்பார். பகல் முழுக்க அடுத்தவர்களைச் சந்தேகப்பட்டுவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் யாரையும் எதுவும் கேட்க மாட்டார். அன்றைக்கு என்னவோ கேட்டார்.

"என்ன படிவம்?"

"ஒரு பொண்ணு வேலையில தப்புப் பண்ணிட்டு இல்லைங்கறா. பண்ணினான்னு நான் கையெழுத்துப் போடணும்."

"நிச்சயமாப் பண்ணினாளா?"

"புதுக் கார்டு போட்டே கேட்டுட்டேன். இனிமே என்ன?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். ஏதோ வரப்போகிறது என்று தெரிந்தது.

"நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல பழைய பேப்பர் வாங்குற ஆள் ஒருத்தரைப் பிடிச்சேன். அவரோட ஒரு கிலோக் கல்லை என் தராசுல என் கல்லுக்கு எதிரே வச்சுப் பார்த்தா கனமா இருந்துச்சு. கனமான கல்லை வச்சு வாங்கி ஜனங்களை ஏமாத்தறார்னு எழுதி, கடைக்குச் சீல் வச்சுட்டேன். அந்த மனுஷன், 'நான் அப்படிப்பட்டவன் இல்லைங்க'ன்னு கெஞ்சினார். எல்லாரும் அப்படித்தானே சொல்வாங்க? நாலு நாள் கழிச்சு இன்னொரு சந்தையில பார்த்தா, அங்க எல்லாக் கடைக் கல்லும் கனம். அப்பத்தான் புத்தி வந்து தட்டை மாத்திப் போட்டேன். இந்தத் தட்டுல இருந்த கல்லை அந்தத் தட்டுல வச்சேன். கல்லு தப்புன்னா சாய்வு அந்தப் பக்கம் மாறணும். மாறல. என் தராசுதான் கோணல்."

"இப்ப எதுக்கு இந்தக் கதை?"

"தட்டை மாத்திப் பார்க்காம நான் யாரையும் எழுதறதில்ல. நீயும் ஒரு தடவை அந்த ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பாரேன். இடதை வலதுல, வலதை இடதுல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப நான்தான் கோணல் தராசுங்கறீங்களா?"

அத்தோடு நிறுத்தியிருக்கலாம், நான் விடவில்லை. "என் காதைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? பதினாலு வருஷமா இந்தக் காதுதான் சோறு போடுது. ஆபீஸ்ல போய்க் கேளுங்க. எதை வச்சு இப்படிச் சொல்றீங்க?"

"ஒரு வருஷத்துக்கு மேல நான் உனக்கு வலது பக்கமாத்தான் உட்கார்றேன்" என்றார் மெதுவாக. "நடக்கும்போதும் வலது பக்கம்தான். கட்டில்லகூட இடம் மாத்திக்கிட்டேன். நீ கவனிக்கல. வலது பக்கம் இருந்தா திட்டாவது விழுது. இடது பக்கம் இருந்து பேசினா ஒண்ணுமே வர்றதில்ல."

நான் அவரைப் பார்த்தேன். என் வலது பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலியில் வெயில் அடிக்கும், முன்பெல்லாம் அதில் உட்காரவே மாட்டார். பிடரியில் வெயில் பட்டுச் சிவந்திருந்தது. இத்தனை நாளாகத் தெரிந்தும் சொல்லவில்லையே என்று ஆத்திரம் வந்தது. சொல்லியிருந்தால் கடித்துக் குதறியிருப்பேன் என்பதும் தெரிந்தது. இரண்டும் சேர்ந்து கண்ணில் நீர் முட்டியது. அதை அவருக்குக் காட்டாமல் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஹெட்போனில் எல் என்றும் ஆர் என்றும் போட்டிருக்கும். பதினான்கு வருடத்தில் ஒரு நாளும் மாற்றி மாட்டியதில்லை. இரண்டு வினாடி வேலை. செவ்வாய்க்கிழமையே செய்திருக்கலாம். கம்ப்யூட்டரைப் பிரிக்கச் சொன்னேன், கார்டு வாங்கச் சொன்னேன், தம்பியைப் பாடாய்ப் படுத்தினேன், இதை மட்டும் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பயம்தான். தெரியாமல் இருந்த பயம் இல்லை, தெரிந்தே இருந்த பயம்.

திருப்பி மாட்டினேன். அழைப்பை ஓட்டினேன்.

ஆபரேட்டரின் கேள்வி இந்த முறை இடது காதில் வந்தது, பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பாலிருந்து பேசுகிற மாதிரி. அதன் பிறகு வலது காதில், ஒரு கை தூரத்தில் நின்று பேசுகிற மாதிரி ஒரு பெண்குரல் வந்தது. மூச்சு வாங்க, அடங்கிய குரலில், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக. 'பின்வாசலுக்கு வரச் சொல்லும்மா. அதுதான் கிட்ட. நான் போய்த் திறந்து வைக்கறேன்.' அதற்கு அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள், 'சரிங்கம்மா.'

திறந்து வைக்கிறேன் என்றவள் கணவனை விட்டு நகர முடியாமல் போயிருப்பாள். அதற்கு அந்த ஆபரேட்டர் என்ன செய்வாள்? அவள் கேட்டாள், பதில் வந்தது, வந்த பதிலை அப்படியே டிரைவருக்குச் சொன்னாள். நான்தான் அந்தப் பதிலை அழித்தேன். நேற்று அவளைப் பொறுப்பில்லாதவள் என்று திட்டியது நினைவுக்கு வந்தது, கூசியது. மறுபடி கேட்டேன். பிறகு ஹெட்போனை ஒழுங்காக மாட்டிக் கேட்டேன். இரைச்சல். திருப்பினேன். குரல். குழந்தை விளக்கை அணைத்து அணைத்துப் போடுகிற மாதிரி எட்டு, பத்து தடவை செய்தேன். உரக்கப் பேசினால் மட்டும்தான் இத்தனை நாளும் என் இடது காதில் விழுந்திருக்கிறது, அடங்கிய குரல் விழவே இல்லை.

நாலு மணிக்கு மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன்.

"குரல் இருக்கு. பின்வாசல்னு அந்த அம்மாதான் சொல்லியிருக்காங்க. திருத்தி அடிச்சு அனுப்பிட்டேன், பாரு."

எதிர்முனையில் பெரிய மூச்சு ஒன்று விட்டாள். "தேங்க்ஸ் மேடம். அந்தப் பொண்ணு மூணு நாளாச் சாப்பிடல. படிவத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க. ஏதோ சவுண்ட் கார்டு வாங்கினதாச் சொன்னீங்களே? 'கருவிக் கோளாறு, சவுண்ட் கார்டு மாற்றப்பட்டது'ன்னு எழுதிட்டு, பில்லை இணைச்சுடுங்க. முடிஞ்சுது."

"கோளாறு கம்ப்யூட்டர்ல இல்லையே. என் இடது காதுல இருக்கு."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "மேடம், இது போன்ல சொன்னதோட போகட்டும். காதுன்னு எழுதினா ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட் கேட்பாங்க. அது வர்ற வரைக்கும் திங்கட்கிழமையிலிருந்து உங்க லாகின் நின்னுடும். திரும்பக் கொடுப்பாங்கன்னு நிச்சயம் இல்ல. அந்தப் பொண்ணு எப்படியும் தப்பிச்சுட்டா. யாருக்கும் நஷ்டம் இல்லையே?"

உண்மையைச் சொன்னால், சபலம் தட்டியது. பில் மேசையிலேயே கிடந்தது, தேதி, முத்திரை எல்லாவற்றோடும். கேட்டவர்கள் நம்புவார்கள். பாம்புக்காதின் காதைவிட ஒரு பழைய கம்ப்யூட்டரைக் குறை சொல்வது எல்லோருக்குமே சுலபம். அந்தக் கறுப்பு அட்டை சத்தத்துக்கு உதவாவிட்டாலும் இதற்கு நன்றாகவே உதவியிருக்கும்.

"இந்த ஒரு கால்தான் திரும்பி வந்துச்சு" என்றேன். "ஒரு வருஷமா நான் எத்தனை இடத்துல 'பதில் இல்லை'ன்னு போட்டிருக்கேன்? அதுல எத்தனை பேருக்கு மார்க் குறைஞ்சிருக்கு, எத்தனை பேர் வேலையை விட்டுப் போயிருக்காங்க? கார்டு மேல பழியைப் போட்டா, புதுக் கார்டு வந்துடுச்சு, விஷயம் முடிஞ்சுதுன்னு ஃபைலை மூடிடுவீங்க. காதுன்னு எழுதினாத்தான் எல்லாத்தையும் திரும்பக் கேட்பீங்க."

"மேடம்…"

"நான்தானே உனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தேன்? சேர்க்கவும் கூடாது, விடவும் கூடாதுன்னு?"

போனை வைத்தேன். காரணம் என்ற கட்டத்தில் 'தட்டச்சு செய்தவருக்கு இடது காது சரியாகக் கேட்கவில்லை. கருவியில் கோளாறு இல்லை' என்று எழுதினேன். கட்டத்தில் இடம் மிச்சம் இருந்தது. 'கடந்த ஒரு வருடத்தில் இவர் எழுதிய அனைத்தையும் மறுபடி கேட்க வேண்டும்' என்று அதிலும் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அனுப்பினேன். கையெழுத்து ஒழுங்காகத்தான் விழுந்தது.

சனிக்கிழமை காலை தம்பி வந்து கார்டைக் கழற்றினான். விஷயத்தைச் சொன்னேன். வழக்கமாக ஒரு கிண்டலாவது அடிப்பான், அன்று அடிக்கவில்லை. கார்டைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, கீபோர்டை இழுத்து, அமைப்புகளுக்குள் எங்கெங்கோ போய் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட்டான்.

"ரெண்டு பக்கமும் வர்ற குரலை ஒண்ணாக் கலந்து ரெண்டு காதுக்கும் கொடுக்கும். இனிமே எதுவா இருந்தாலும் உன் வலது காதுலயும் விழும். இதுக்குக் கார்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். எப்பவும் இதுக்குள்ளயே இருக்குற வசதிதான்." பிறகு, "செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தா செவ்வாய்க்கிழமையே போட்டுக் கொடுத்திருப்பேன் அக்கா" என்றான். வெளியே போகும்போது என் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனான்.

காது மருத்துவரிடம் திங்கட்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரர் விடுப்பு போட்டிருந்தார். அதுவரைக்கும் லாகின் என் கையில் இருந்தது. அலுவலகத்தில் யாரையாவது உட்காரவைத்துக் கேட்க வைப்பார்கள்தான், எப்போது என்று யார் கண்டது? என் கோணலை நானே நிமிர்த்த வேண்டும். ஒரு வருடத்துக் கோப்புகளிலும் 'பதில் இல்லை' என்று நான் அடித்த இடங்களைத் தேடினேன். நூற்று எண்பத்து மூன்று வந்தது. வாசல் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, திரையை இழுத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினேன்.

எல்லாமே தப்பு இல்லை. முதல் நான்கில் உண்மையிலேயே யாரும் பேசவில்லை. ஐந்தாவதில் ஒரு பெண் விலாசம் சொல்லியிருந்தாள். எட்டாவதில் ஒருவர் முனகியிருந்தார், அதைத் திருத்தினேன். வீட்டுக்காரர் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து, வலது பக்கமாக வைத்துவிட்டுப் போனார்.

பதினோராவது அழைப்பில் ஆபரேட்டர் மூன்று முறை 'ஹலோ' சொல்கிறாள். மூன்று முறையும் நான் 'பதில் இல்லை' என்று போட்டிருந்தேன். அதற்குப் பிறகு அழைப்பு துண்டிக்கப்பட்டது என்று எழுதியிருந்தேன். ஓட்டினேன். ஆபரேட்டருக்கும் எட்டாத அளவுக்குத் தளர்ந்த ஆண்குரல் ஒன்று, ஒவ்வொரு ஹலோவுக்கும் பிறகு, மறுபடி மறுபடி ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தது.

"நான் பேசறது கேக்குதாம்மா?"

கேட்குதுங்க என்று வாய்விட்டுச் சொன்னேன். 'பதில் இல்லை' என்பதை அழித்துவிட்டு, அவர் பேசியதை அவர் பேசியபடியே மூன்று முறையும் தட்டச்சு செய்தேன்.